ஏர்பேட்டு ஆங்கிலம்: அன்றும் இன்றும்

திருப்பதியில் தரிசனம் முடித்து, காளஹஸ்திக்கு ராகு கேது பூஜைக்குப் போகிற தமிழர்கள் எல்லாரும் ஏர்பேட்டைக் கடந்துதான் போகிறார்கள். இறங்குகிறவர்கள் குறைவு. ரேணிகுண்டாவுக்கும் காளஹஸ்திக்கும் நடுவே வெங்கடகிரிச் சாலை பிரிகிற ஊர் அது. பெயர்ப்பலகையைப் பார்ப்பதற்குள் தாண்டிவிடலாம். அந்த வெங்கடகிரிச் சாலையில் உள்ளே போனால் சுமார் 530 ஏக்கரில் திருப்பதி ஐஐடி. அதே மண்டலத்தில் ஸ்ரீனிவாசபுரம் பக்கம் ஐசர் என்கிற அறிவியல் ஆராய்ச்சிக் கல்வி நிறுவனம். விக்ருதமாலாவில் எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகள். இவை எல்லாவற்றுக்கும் முன்பே, 1926-லிருந்து, வியாசாசிரமம்.

ஐஐடியில் பாடம் ஆங்கிலத்தில். ஆசிரமத்தில் தெலுங்கும் சமஸ்கிருதமும். ஆலையில் மேலாளர் பேசுவது ஒன்று, மேஸ்திரி பேசுவது ஒன்று. இத்தனைக்கும் நடுவில், சுற்றுக் கிராமத்திலிருந்து அரசுப் பள்ளிக்கு நடந்து வருகிற தெலுங்குப் பிள்ளை ஆங்கிலத்தை எப்படிக் கற்கிறது? அதன் தாத்தா எப்படிக் கற்றார்? ஆங்கிலம் அதே ஆங்கிலம்தான், தெலுங்கும் பெரிதாக மாறிவிடவில்லை. ஆனால் பிள்ளைக்கு ஆங்கிலத்தின் எந்தப் பாதி கிடைக்கிறது என்பது அடியோடு மாறிவிட்டது. இது ஏர்பேட்டுக் கதை மட்டுமல்ல. திருத்தணிக்கும் பொருந்தும், திருச்செந்தூருக்கும் பொருந்தும்.

அந்த 1926-ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குவோம். அந்த ஆண்டில்தான் மலையாள சுவாமி ஏர்பேட்டில் ஆசிரமம் அமைத்தார். 1885-ல் குருவாயூர் அருகே எங்கண்டியூரில் பிறந்தவர், தாய்மொழி மலையாளம், நாராயண குருவின் வழியில் வந்தவர். திருமலையில் கோகர்ப்பம் பகுதியில் பல ஆண்டுகள் தவத்தில் இருந்துவிட்டுக் கீழே இறங்கி வந்தார். தெலுங்கைக் கற்றுத் தெலுங்கிலேயே வேதாந்த நூல் எழுதினார். பெண்களுக்கும், சூத்திரர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கும் ஓங்காரத்திலும் வேதாந்தத்திலும் சம உரிமை உண்டு என்பது அவருடைய வாதம். அவர்களுக்குச் சமஸ்கிருதம் சொல்லிக் கொடுக்கவும் ஏற்பாடு செய்தார்.

அதே 1926-ல் ஆக்ஸ்போர்டில் இன்னொருவர் இந்து வாழ்க்கை நோக்கு பற்றி ஆங்கிலத்தில் தொடர் சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருந்தார். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். 1888-ல் திருத்தணியில் பிறந்த தெலுங்குப் பிள்ளை. ஏர்பேட்டிலிருந்து இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கிற திருப்பதியில், லூத்தரன் மிஷன் பள்ளியில் 1896-ல் சேர்ந்தவர். பிறகு வாலாஜாபேட்டை, வேலூர், சென்னை. அந்தத் திருப்பதிப் பள்ளியை நடத்தியது ஜெர்மனியின் ஹெர்மான்ஸ்பர்க் மிஷன் என்பது ஒரு வேடிக்கை. தெலுங்குப் பையனுக்கு ஆங்கிலப் படிப்பு ஜெர்மானியர் நடத்திய பள்ளி வழியாக வந்திருக்கிறது. வேதாந்தம் அந்த ஆண்டு இந்த வட்டாரத்திலிருந்து இரண்டு வழியில் புறப்பட்டது: ஏர்பேட்டில் தெலுங்கில், ஆக்ஸ்போர்டில் ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் போனது உலகத்துக்குத் தெரிந்தது.

ராதாகிருஷ்ணன் காலத்தில் ஆங்கிலம் கற்றவர்கள் சிலரே. ஆனால் கற்றவர்கள் முழுசாகக் கற்றார்கள். பள்ளியின் மேல்வகுப்புகளில் எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில். வீட்டில் தெலுங்கு, அக்ரகாரத்தில் சமஸ்கிருதம், வகுப்பில் ஆங்கிலம். மனப்பாடம் செய்கிற பழக்கம் வீட்டிலேயே இருந்தது. சுலோகத்தை உருப்போட்ட நாக்குக்கு ஆங்கிலக் கவிதையை உருப்போடுவது பெரிய வேலையில்லை. அந்த வசதி எந்த வீடுகளில் இருந்தது, எந்த வீடுகளில் இல்லை என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் எதிர்த்திசையிலும் படிப்பு நடந்தது என்பதை மறந்துவிடுகிறோம். கும்பினி அதிகாரிகள் தெலுங்கு படித்தார்கள். படிக்காமல் வரி வசூல் இல்லை. சென்னைக் கோட்டைக் கல்லூரியில் அவர்களுக்குத் தெலுங்கும் தமிழும் கட்டாயம். 1816-ல் காம்ப்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்துக்கு எல்லிஸ் எழுதிய முன்னுரையில்தான் தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே குடும்பம் என்ற வாதம் முதலில் அச்சேறியது. 1820-ல் கடப்பைக்கு வந்த சி.பி. பிரௌன் 1840-ல் தெலுங்கு இலக்கணமும் 1852-ல் அகராதிகளும் வெளியிட்டார். ஆங்கிலேயர் தெலுங்கு படிக்க எழுதியவையே பிறகு தெலுங்கர் ஆங்கிலம் படிக்கவும் உதவின. சங்கரநாராயணாவின் ஆங்கில–தெலுங்கு அகராதி தலைமுறை தலைமுறையாக மேஜைமேல் இருந்தது; நம் பக்கத்து லிஃப்கோ அகராதியைப்போல.

வீட்டில் ஒரு மொழி, ஏட்டில் ஒரு மொழி என்பது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. ஏர்பேடு மண்டலத்திலேயே இருக்கிறது குடிமல்லம். நாட்டின் மிகப் பழைய லிங்கங்களில் ஒன்று அங்கே உண்டு. அந்தக் கோயிலின் பல்லவ, பாண, சோழர் காலத்துக் கல்வெட்டுகள் தமிழில் இருக்கின்றன. ஊரின் பெயர் அவற்றில் திருவிப்பிரம்பேடு. ஆட்சி எந்த மொழியில் கணக்கு எழுதியதோ அந்த மொழியை ஊர்க்காரர் சிலர் கற்றுக்கொண்டே வந்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் அது ஆங்கிலம். 1911-ல் வட ஆர்க்காடு, கடப்பை, நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் உருவானபோதும் அப்படித்தான். 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் பிரிந்து, ஏர்பேடு அதற்குள் போனபோது ஆட்சிமொழி தெலுங்கு என்றாகி வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் பிள்ளையை என்ன படிக்க வைப்பது என்ற கேள்விக்கு எல்லார் வாயிலும் வருவது ஆங்கிலம்தான்.

சுதந்திரத்துக்குப் பிந்திய தலைமுறைக்கு வருகிறேன். இவர்கள்தான் 'அன்று' என்று நான் சொல்கிற தாத்தாக்கள். பாடமெல்லாம் தெலுங்கு வழி. ஆங்கிலம் ஒரு சப்ஜெக்ட் மட்டும். ஐந்தாம் வகுப்பிலோ ஆறிலோ ஏபிசிடி. பெரிய பள்ளி காளஹஸ்தியில். கல்லூரி திருப்பதியில், 1954-ல் வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் வந்த பிறகு. ஆங்கிலத்தைக் கற்பித்த ஆசிரியர் ஆங்கிலம் பேசியதை அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். பாடத்தை ஒரு வரி வாசிப்பார், தெலுங்கில் அர்த்தம் சொல்வார், அடுத்த வரிக்குப் போவார். தமிழ்நாட்டிலும் அதுவேதான், என் ஆசிரியரும் அப்படித்தான்.

கையில் ரென் அண்ட் மார்ட்டின். 1935-ல் வந்த அந்த இலக்கணப் புத்தகத்தின் ரென், 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலை எழுதியவர். பம்பாய் மாகாணத்தில் கல்வித்துறை அதிகாரியாக இருந்தவர். இங்கிருந்த வெள்ளைக்கார அதிகாரிகளின் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதப்பட்டது அந்தப் புத்தகம் என்பார்கள். அப்படியானால் விஷயம் புரிகிறது. ஏற்கெனவே ஆங்கிலம் பேசத் தெரிந்த பிள்ளைக்குத் தன் பேச்சை வகைபிரித்துப் பார்க்கக் கற்றுத் தருகிற நூல் அது. ஒரு சொல்லும் பேசத் தெரியாத பிள்ளை அதை வைத்துப் பேச்சு கற்க முடியாது. நாம் அப்படித்தான் முயன்றோம், இன்றும் முயல்கிறோம். பிற்காலப் பதிப்புகளைத் திருத்தியவர் என்.டி.வி. பிரசாத ராவ், அவர் பெயரும் அட்டையிலேயே இருக்கும்.

இந்தப் படிப்பால் என்ன வந்தது? விடுப்புக் கடிதம் வந்தது. 'அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்குகிற அந்த வாக்கியத்தை ஆந்திரத்திலும் தமிழகத்திலும் எழுதாத ஆள் கிடையாது. கவனித்துப் பார்த்தால் அது லேசான வாக்கியம் இல்லை. காரணத்தைச் சொல்லும் துணைவாக்கியம் முன்னால், முதன்மை வாக்கியம் பின்னால், நடுவில் சரியான இடத்தில் ஒரு காற்புள்ளி. அதைப் பிழையில்லாமல் எழுதிய பையனிடம் ரயிலில் ஒரு வடக்கத்திக்காரர் ஆங்கிலத்தில் மணி கேட்டால் வாய் திறக்க மாட்டான், கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டுவான். வாக்கியம் கைவசம் இருந்தது, வாயில் வரவில்லை.

நேர்கூற்று–அயற்கூற்று மாற்றும் பயிற்சியும் அப்படியே. 'வருகிறேன் என்று சொன்னான்' என்பதைத் தமிழன் யோசிக்காமல் சொல்வான். தெலுங்கில் 'என்று' இருக்கிற இடத்தில் 'அனி'. அவன் சொன்ன சொல்லை அப்படியே வைத்துப் பின்னால் ஒரு 'என்று' போட்டால் முடிந்தது. ஆங்கிலத்தில் அது நடக்காது. 'நான்' என்பது 'அவன்' ஆக வேண்டும். நிகழ்காலம் இறந்தகாலம் ஆக வேண்டும். 'நாளை' என்பது 'மறுநாள்' ஆக வேண்டும். ஒரு வாக்கியத்தில் மூன்று இடத்தில் கை வைக்க வேண்டும். அன்றைய மாணவன் இந்த மாற்றத்தை நூறு வாக்கியங்களில் செய்து பார்த்திருந்தான், தவறில்லாமல் மதிப்பெண் வாங்கினான். தாலுகா ஆபீஸில் குமாஸ்தா ஆனபோது, 'மனுதாரர் கூறியதாவது' என்று ஆங்கிலத்தில் குறிப்பு எழுத அதுவே போதுமானதாகவும் இருந்தது. அந்தப் படிப்பை மட்டம் தட்டுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அது கேட்ட வேலைக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. கேட்ட வேலை எழுத்து வேலை.

தெலுங்குக்காரருக்கு ஆங்கிலத்தில் முட்டுகிற இடங்கள் நமக்கு முட்டுகிற இடங்களே. 'தி' என்ற சொல்லுக்கு இரண்டு மொழியிலும் ஆள் கிடையாது. 'ஒரு' இருக்கிறது, அதை 'ஏ' என்று ஒப்பேற்றலாம். 'தி' எங்கே வரும் என்பதைப் புத்தகத்தில் இருபது விதி படித்தாலும் காது சொல்லாது. 'எனக்கு இரண்டு பிள்ளைகள்' என்கிறோம். தெலுங்கிலும் 'நாக்கு' என்றே தொடங்கும். 'ஹேவ்' என்ற வினை நம் வீட்டில் இல்லை. நேற்று வந்த பையன் என்று வினையை முன்னால் வைத்துப் பெயரைப் பின்னால் வைக்கிறோம்; ஆங்கிலம் பையனை முதலில் நிறுத்திவிட்டு, அப்புறம் 'ஹூ' போட்டு அவன் வந்த கதையைச் சொல்கிறது. மரியாதைக்கு 'ங்க' இல்லை, 'காரு' இல்லை. அதனால்தான் நம் இரண்டு பேரின் ஆங்கிலத்திலும் வாக்கியத்துக்கு ஒரு 'சார்' தொங்குகிறது.

தெலுங்குக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ஒருமையில் பெண்ணுக்கும் பொருளுக்கும் வினை ஒன்றே. அவள் வந்தாலும் 'வச்சிந்தி', பஸ் வந்தாலும் 'வச்சிந்தி'. ஆணுக்கு மட்டும் 'வச்சாடு'. தமிழில் வந்தான், வந்தாள், வந்தது என்று மூன்றும் தனித்தனி. ஆகவே 'ஹி', 'ஷி', 'இட்' மூன்றையும் வேகப் பேச்சில் பிரித்துப் பிடிப்பதில் தமிழனுக்கு இருக்கிற சின்ன வசதி தெலுங்கனுக்கு இல்லை. பதிலுக்கு, க-வுக்கும் அதன் மென்மையான ஒலிக்கும் தனி எழுத்து இல்லாத சிக்கல் நமக்கு. அவர்களுக்கு அது இல்லை. சொல் முடிவில் உயிர் ஒலி சேர்க்கும் பழக்கம் இரண்டு பேருக்கும் பொது: பஸ்ஸு, காரு, புக்கு. கல்லூரி விடுதிகளில் இதை வைத்துத் தெலுங்குப் பையன்களைக் கேலி செய்கிற தமிழர்கள் தாங்கள் 'லஞ்ச்சு' சாப்பிடப் போவதைக் கவனிப்பதில்லை.

இதில் நாம் தனியாள் இல்லை. பால்டிக் கடலோரத்தில் எஸ்தோனியா என்று ஒரு குட்டி நாடு. அவர்கள் மொழியிலும் 'தி' கிடையாது. எதிர்காலத்துக்குத் தனி வினைவடிவம் கிடையாது. அவன், அவள் இரண்டுக்கும் ஒரே சொல். வேற்றுமை உருபு பதினான்கு, நம்மைப்போலவே சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும். ஆங்கிலப் பாடத்தில் எஸ்தோனியப் பிள்ளை தடுக்கி விழுகிற இடங்களில் பாதி ஏர்பேட்டுப் பிள்ளை விழுகிற இடங்கள். கால்டுவெல் 1856-ல் திராவிட மொழிகளை ஃபின்னிய வகை மொழிகளோடு சேர்த்து ஒரே 'ஸ்கித்திய'க் குடும்பம் என்று வாதாடியபோது இந்த மாதிரி ஒற்றுமைகளைத்தான் பார்த்தார். எஸ்தோனியம் அந்த ஃபின்னியத்தின் பக்கத்து வீடு. அந்த உறவுக் கொள்கையை இன்று மொழியியலாளர்கள் ஏற்பதில்லை. உறவு இல்லாவிட்டாலும் தலைவலி ஒன்றே.

பேச்சு வராத குறையைக் கடைத்தெரு புரிந்துகொண்டது. சென்னை பாலாஜி பதிப்பகத்தின் 'முப்பது நாளில்' வரிசை, டெல்லியிலிருந்து கபில்தேவ் படத்தோடு வந்த ரேபிடெக்ஸ் ஆகியவை ரயில் நிலையப் புத்தகக்கடைகளில் தெலுங்கிலும் தமிழிலும் தொங்கின. முப்பது நாளில் யாருக்கும் ஆங்கிலம் வந்ததாகத் தெரியவில்லை. முப்பத்தோராம் நாளும் புத்தகம் விற்றது. ஆங்கிலம் பேசும் மோகத்தைத் தெலுங்கர்கள் அதற்கு வெகுமுன்பே கேலி செய்துவிட்டார்கள். குரஜாடா அப்பாராவின் 'கன்யாசுல்கம்' நாடகத்தில் வருகிற கிரீசம், அரைகுறை ஆங்கிலத்தை அள்ளி வீசி ஊரையே மயக்குகிறவன். அவனிடம் படிக்கிற பையன் கற்றுக்கொண்டது பெரும்பாலும் சுருட்டுப் பிடிக்க. நூறு ஆண்டு தாண்டியும் ஆந்திரத்தில் கிரீசம் என்றால் குழந்தைக்கும் தெரியும். அந்தக் கிரீசம்கள் இப்போது யூடியூபில் இருக்கிறார்கள்.

இனி இன்று. 2008-ல் ஒன்றுபட்ட ஆந்திர அரசு, ஆயிரக்கணக்கான அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 'சக்சஸ்' என்ற பெயரில் ஆங்கில வழிப் பிரிவுகளைத் தொடங்கியது. 2019 நவம்பரில் ஜெகன்மோகன் ரெட்டி அரசு, அரசுப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆறுவரை ஆங்கில வழி கட்டாயம் என்று அரசாணை போட்டது. 2020 ஏப்ரல் 15 அன்று உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது; முடிந்தவரை தாய்மொழியில் பாடம் என்று கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. அரசு உச்ச நீதிமன்றம் போனது, அதற்கிடையில் ஊர் ஊராகப் பெற்றோரிடம் விருப்பம் கேட்டது. சுமார் 96 சதவீதம் பேர் ஆங்கில வழி கேட்டதாக அறிவித்தது. அந்த எண்ணைப் பார்த்து ஆச்சரியப்பட்டவர்கள் எல்லாம் பிள்ளைகளைத் தனியார் ஆங்கிலப் பள்ளியில் படிக்க வைத்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலும் 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகியதை நாம் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம்.

சண்டை இரண்டு பக்கமும் நியாயத்தோடு நடந்தது. தாய்மொழியில் தொடங்காத கல்வி வேர்பிடிக்காது என்றார் அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் வெங்கையா நாயுடு. மேல்சாதிப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் படித்து மேலே போனபிறகு தலித், பிற்படுத்தப்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும் தாய்மொழிப் பெருமையைப் போதிப்பது ஏன் என்று கேட்டார் எழுத்தாளர் காஞ்சா ஐலய்யா. ஐலய்யா கேட்ட கேள்விக்கு மொழிப்பற்றாளர்களிடம் நேரான பதில் இல்லை என்பது என் கட்சி. மலையாள சுவாமி சமஸ்கிருதத்தைப் பற்றிக் கேட்ட அதே கேள்வி இது: யாருக்கு வாசல், யாருக்குத் திண்ணை? ஆனால் சுவாமி ஒன்று செய்தார். வேதாந்தத்தை முதலில் ஊராருக்குப் புரிகிற தெலுங்கில் எழுதிக் கையில் கொடுத்தார். ஆங்கில வழியில் அந்தப் படியை அரசு எப்படிக் கடந்தது?

இருமொழிப் பாடநூல் அச்சடித்துக் கடந்தது. விரித்தால் ஒரு பக்கம் ஆங்கிலம், எதிர்ப்பக்கம் அதே பாடம் தெலுங்கில். 2020-க்குப் பிறகு வந்த மாற்றங்களில் எனக்கு உருப்படியாகத் தெரிவது இதுதான். பேச்சாளர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்க, ஆசிரியரும் பிள்ளையும் நடைமுறையில் செய்துகொண்டிருந்ததைப் புத்தகம் ஒப்புக்கொண்டது: ஆங்கில வழி வகுப்பிலும் விளக்கம் தெலுங்கில்தான் நடக்கிறது. பிள்ளைகளுக்கு அரசு பையோடு கொடுத்த பொருள்களில் அகராதியும் சேர்ந்தது. 2023-ல் அமெரிக்காவின் இடிஎஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, மூன்றாம் வகுப்பிலிருந்தே டோஃபல் பயிற்சி என்றார்கள். கிராமத்துப் பிள்ளை வெளிநாட்டு உச்சரிப்பைக் கேட்டுப் பதில் எழுத வேண்டும். 2024-ல் ஆட்சி மாறியது, டோஃபல் போனது. பை மட்டும் பெயர் மாறித் தொடர்கிறது. இப்போது அதன் பெயரில் இருப்பவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன்.

இவ்வளவுக்கும் நடுவே பிள்ளையின் வாயில் ஆங்கிலச் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. ரீசார்ஜ், பேலன்ஸ், டேட்டா, ஓடிபி, லொகேஷன், அப்டேட், ஸ்கிரீன்ஷாட். தாத்தா கல்லூரி முடித்தபோது இருந்ததைவிடப் பேரனுக்கு ஏழாம் வகுப்பிலேயே ஆங்கிலப் பெயர்ச்சொல் அதிகம் தெரியும். ஆலைக்கு வேலைக்குப் போகிற பெண்கள் ஷிஃப்ட், ஓவர்டைம், லைன், டார்கெட் எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே பிடித்துக்கொள்கிறார்கள். பிறகு ஏன் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல வருவதில்லை?

காரணம் அந்தச் சொற்கள் வந்த வழியில் இருக்கிறது. 'ரீசார்ஜ் பண்ணினேன்', 'அப்டேட் ஆகல' என்கிறோம். தெலுங்கில் 'சேசானு', 'அவ்வலேது'. ஆங்கிலச் சொல் தன் காலத்தையும் எண்ணையும் இடத்தையும் விட்டுவிட்டு வெறும் பெயராக வருகிறது. இலக்கண வேலை முழுவதையும் நம் 'பண்ணு' பார்த்துக்கொள்கிறது. செங்கல் லோடு லோடாக இறங்குகிறது, கொத்தனார் வரவில்லை. ரீசார்ஜ் என்ற சொல்லை ஆயிரம் தடவை சொன்ன பிள்ளைக்கு அதை இறந்தகாலத்தில் ஆங்கிலமாக வளைக்க ஒரு தடவைகூடத் தேவை வந்ததில்லை. அன்றைய பையனிடம் வாக்கியம் இருந்தது, பேச்சு இல்லை என்றேன். இன்றைய பையனிடம் சொல் இருக்கிறது, துணிச்சல் இருக்கிறது, வாக்கியம் இல்லை. ரென் அண்ட் மார்ட்டினைப் பழங்கஞ்சி என்று ஒதுக்கிவிட்டோம். அதன் இடத்தில் எதையும் வைக்கவில்லை.

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. நாடு முழுவதும் கிராமப்புறப் பிள்ளைகளைச் சோதிக்கிற ஏசர் ஆய்வில், ஐந்தாம் வகுப்பில் எளிய ஆங்கில வாக்கியத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2016-ல் 24.7 சதவீதம். 2022-ல் 24.5. நடுவில் இருந்த ஆறு ஆண்டுகளில்தான் மலிவு விலை இணையமும் ஆங்கில வழி வெறியும் உச்சத்துக்குப் போயின.

வாக்கியத்தை எப்படி வரவழைப்பது என்பதற்கு நம் தென்னகத்திலேயே ஒருவர் வழி காட்டினார். என்.எஸ். பிரபு என்பவர் 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை உள்ளிட்ட இடங்களின் சாதாரணப் பள்ளிகளில் ஒரு பரிசோதனை நடத்தினார். இலக்கண விதி சொல்வதில்லை. உருப்போடச் சொல்வதும் இல்லை. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, இத்தனை மணிக்குள் அங்கே சேர எந்த வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்பார்கள். பிள்ளையின் மூளை கணக்கில் இருக்கும்போது மொழி தானாக உள்ளே போகும் என்பது அவருடைய எண்ணம். உலகெங்கும் ஆங்கில ஆசிரியப் பயிற்சியில் இந்தப் பரிசோதனையைப் பாடமாகவே படிக்கிறார்கள். ஏர்பேட்டில் ரயில் நிலையம் இருக்கிறது, அட்டவணை இருக்கிறது. பிரபுவின் பாடம் அந்த வகுப்புக்கு எத்தனை தூரம் வந்தது என்பதைப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகமே சொல்லும். அதில் இன்னும் கேள்வி–பதில்தான்.

மேல்வகுப்புக்குப் போனால் ஆங்கிலம் இன்னும் சுருங்குகிறது. ஆந்திரத்தின் இன்டர்மீடியட் என்றால் நெல்லூர், விஜயவாடாவில் தொடங்கி மாநிலம் முழுக்கக் கிளைவிட்ட தனியார் கல்லூரிகள். காலை முதல் இரவுவரை கணக்கு, இயற்பியல், வேதியியல். ஐஐடி நுழைவுத் தேர்வில் ஆங்கிலம் என்று ஒரு தாள் இல்லை. மதிப்பெண் தராததை யார் படிப்பார்கள்? 2021 முதல், அந்த நுழைவின் முதல் கட்டமான ஜேஇஇ முதன்மைத் தேர்வைத் தெலுங்கிலும் தமிழிலும் எழுதலாம். மொத்தம் 13 மொழிகள். அடுத்த கட்டமான அட்வான்ஸ்டு தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்.

ஐஐடிக்கும் ஐசருக்கும் ஒரே நாளில், 2015 மார்ச் 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். ஐஐடி சென்னை ஐஐடியின் வழிகாட்டுதலில் திருப்பதி பக்கம் வாடகைக் கட்டடத்தில் தொடங்கி ஏர்பேட்டுக்கு வந்தது. 2024 பிப்ரவரி 20 அன்று நிரந்தர வளாகத்தைப் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் மாணவர்கள். பக்கத்தில் டீக்கடை வைப்பவருக்கு இந்தி அவசியமாகிவிட்டது, ஆங்கிலத்தில் எண்கள் போதும். வளாகத்துக்குள் அந்த ஊர்ப்பிள்ளை மாணவனாக நுழைய வேண்டுமானால், கேட்கிற விரிவுரையும் எழுதுகிற விடையும் ஆங்கிலம்.

இங்கேதான் அந்த எஸ்தோனியா மறுபடி நினைவுக்கு வந்து உறுத்துகிறது. எஸ்தோனியம் பேசுகிறவர்கள் சுமார் 11 லட்சம். 1632-ல் தொடங்கிய தார்த்து பல்கலைக்கழகம் 1919-லிருந்து எஸ்தோனிய மொழியில் பாடம் நடத்துகிறது. சோவியத் காலத்தில் இரண்டாம் மொழியாக ரஷ்யன் வந்து உட்கார்ந்தது. 1991-ல் விடுதலைக்குப் பிறகு அந்த இடத்துக்கு ஆங்கிலம் வந்தது. பிள்ளைகள் ஆங்கிலத்தை நன்றாகவே கற்கிறார்கள், ஆனால் இயற்பியலைத் தங்கள் மொழியில் படித்துக்கொண்டே கற்கிறார்கள். தெலுங்கு பேசுகிறவர்கள் 2011 கணக்கெடுப்பில் 8 கோடிக்கு மேல். ஆங்கிலத்தைப் பாடமாகக் கற்பது வேறு, ஆங்கிலத்தைக் கற்றால்தான் மற்றப் பாடமே என்பது வேறு. எஸ்தோனியப் பிள்ளைக்கு 'தி' தவறினால் ஆங்கிலத்தில் ஒரு மதிப்பெண் போகும். ஏர்பேட்டுப் பிள்ளைக்கு வாக்கியம் பிடிபடாவிட்டால் வெப்ப இயக்கவியலும் பிடிபடாமல் போகும்.

சமீப ஆண்டுகளில் இதற்கும் ஒரு சந்து திறந்திருக்கிறது. ஐஐடி பேராசிரியர்களின் என்பிடெல் விரிவுரைகளுக்குத் தெலுங்கிலும் தமிழிலும் மொழிபெயர்ப்புகள் வருகின்றன. பொறியியல் பாடநூல்களை ஏஐசிடிஇ இந்திய மொழிகளில் கொண்டுவருகிறது. கணினியே மொழிபெயர்க்கிற வேகம் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. ஆங்கிலத்தில் பாதி நழுவவிட்ட முதலாண்டு மாணவன் ராத்திரி விடுதி அறையில் அதே பாடத்தைத் தெலுங்கில் படித்துப் பிடித்துக்கொள்ளலாம். பிடித்துக்கொண்டதைத் தேர்வுத்தாளில் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். 'தி' எங்கே போடுவது, 'ஹேவ்' எங்கே போடுவது என்பது இப்போதும் அவன் பாடு.